பூந்திகிட்ட சொன்னது

கோவிச்சுக்காதீங்க அக்கா, எழுந்து வந்து கூப்பிட முடியல. ரெண்டு கையும் மொச்சையா இருக்கு. அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு கால் கொஞ்சம் ஆடும், ஆனா இதுவரைக்கும் யாரையும் கீழ தள்ளினதில்ல. ராத்திரி ஊறப்போட்ட மொச்சை, இப்பவே பிதுக்கினாத்தான் தோல் கழண்டு வரும். இப்படி, நுனியை நகத்தால கிள்ளிட்டு, ரெண்டு விரலால ஒரு அமுக்கு. பாத்தீங்களா, உங்க கால்கிட்ட போய் விழுந்துடுச்சு. விடுங்க, நான் பொறுக்கிக்கறேன். நான் பிதுக்கினா பாதிப் பருப்பு கிண்ணத்துல, பாதி சுவத்துல. பாப்பா தூளியில தூங்கறா, அதான் இந்த மட்டும் வேலை நடக்குது.

நாயைக் கூட்டிட்டுப் போக வந்தவங்க நீங்கதான? மாரண்டஅள்ளிப் பக்கம் தோட்டம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. உங்க தோட்டத்துல தக்காளி ஏத்த வந்தப்போ அவரே பேசி முடிச்சுட்டாராமே, "எங்க நாய் தோட்டத்துக் காவலுக்கு ஆகும், வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு. அவரு மண்டிக்குப் போயிட்டாரு. "அந்த அக்கா வந்தா நாயைப் புடிச்சுக் குடுத்து அனுப்பு"ன்னு சொல்லிட்டு, என் மூஞ்சியைப் பாக்காமயே வண்டியை எடுத்துட்டாரு.

கயிறெல்லாம் கொண்டாந்திருக்கீங்க. நல்ல கயிறு. புதுசா?

அதோ தண்ணி ட்ரம்முக்குப் பின்னால ஒரு வால் தெரியுது பாருங்க, அதான். பேரு பூந்தி. வெள்ளை உடம்பு, யாரோ ஒரு கை பூந்தியை அள்ளி மேல இறைச்ச மாதிரி புள்ளி. பேரு வச்சது எங்க அத்தை. எங்க வீட்டுக்காரரோட அம்மா. உள்ள அடுப்பாண்ட இருக்காங்க, புளி கரைக்கற சத்தம் கேக்குதில்ல, அவங்கதான். அவங்க வெளியில வரமாட்டாங்க. நான் இங்க இருக்கேன் இல்ல, அதனால.

சண்டையெல்லாம் இல்ல அக்கா. சண்டை போடணும்னா பேசணுமே.

கொடுக்கறதுக்கு முன்னாடி நாயைப் பத்திச் சொல்லிடணும் இல்ல? ஒரு மாடு வித்தாக்கூட, உதைக்குமா முட்டுமான்னு சொல்லித்தான் விப்பாங்க. அதுக்காகச் சொல்றேன். நான் பேசறவளே இல்ல. அஞ்சாவது வரைக்கும் போனேன், பள்ளிக்கூடத்துல 'உள்ளேன் ஐயா' சொல்லவே எனக்கு வாய் வராது. நான் வந்த நாளெல்லாம் வராத நாளாப் போச்சு. இப்ப உங்ககிட்டப் பேசறேன்னா, மொச்சையைப் பாத்துக்கிட்டே பேசறதால. நிமிந்து பாத்தேன்னா நின்னுடும். அதனால நீங்க தப்பா நினைக்காதீங்க, நான் குனிஞ்சேதான் சொல்லுவேன். கொஞ்சம் சத்தமாவே சொல்றேன். ரோட்டுல வண்டி போற சத்தத்துல உங்களுக்குக் கேக்கணும் இல்ல.

கல்யாணமாகி வந்த புதுசுல அத்தை என்ன கேட்டாலும் தலையாட்டுவேன். சாப்டியான்னா தலையாட்டுவேன். தலை சீவினியான்னா தலையாட்டுவேன். இன்னிக்கு என்ன குழம்பு வைக்கலாம்னு கேட்டாங்க, அதுக்கும் தலையாட்டினேன். என்ன குழம்புன்னா தலையாட்டறதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க? எனக்கே தெரியல. அவங்க ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு, கத்திரிக்கா வாங்கிட்டு வந்தாங்க. அப்புறம் தெருவுல போய், "எங்க வீட்டுக்கு ஒரு மகாராணி வந்திருக்கா, வாயத் தொறந்தா முத்து உதிந்துடுமாம்"னு சொன்னாங்களாம். திமிருன்னு நினைச்சுட்டாங்க. எனக்குப் பயம் அக்கா. பயத்துக்கும் திமிருக்கும் வெளியிலயிருந்து பாத்தா ஒரே மூஞ்சிதான் போல.

அப்பத்தான் இவரு பூந்தியைக் கொண்டாந்தாரு. மண்டியில யாரோ விட்டுட்டுப் போன குட்டி. தக்காளி அடுக்கற பெட்டியில போட்டு, மேல ஒரு சாக்கை மூடி. அப்ப உள்ளங்கை அகலந்தான் இருந்துச்சு.

ஒரு நாள் அத்தை சாப்பிடறாங்க, நான் வாசல் கூட்டறேன், பூந்தி நடுவுல உக்காந்திருக்கு. அத்தை ஒரு வாய் வச்சுட்டு, அதைப் பாத்து, "ஏண்டா பூந்தி, இந்த வீட்டுல கொழம்புக்கு உப்புப் போடற வழக்கமே இல்லையாடா?"ன்னாங்க. ஜாடைப் பேச்சுதான். நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் உண்டு, உங்களுக்குத் தெரியாததா. மருமகளைச் சொல்லணும்னா கோழியைத் திட்டுவாங்க. ஆனா எனக்கு என்ன ஆச்சுன்னா, அவங்களைப் பாக்க வேண்டாம், நாயைப் பாத்தாப் போதும்னு ஆனதும் வாய் தானாத் தொறந்துக்கிச்சு. "உப்பு அடியில நின்னுருக்கும், கலக்கிச் சாப்பிடச் சொல்லுடா பூந்தி"ன்னேன்.

என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்தை நாயைப் பாத்தாங்க. நானும் நாயைப் பாத்தேன். நாய், மதில் மேல போற பூனையைப் பாத்துச்சு. அப்புறம் அத்தை கலக்கி ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "அட, இந்த வீட்டுல பேச்சுக்கூட வருதுடா பூந்தி"ன்னாங்க.

அன்னிலயிருந்து நாங்க பேசின பேச்சு! நிஜமாச் சொல்றேன், இந்தத் தெருவுல மாமியாரும் மருமகளும் எங்களளவு பேசினவங்க கிடையாது. எல்லாம் அதுகிட்டத்தான். "பூந்தி, தயிர் வாங்கியாச்சான்னு கேளு." "பூந்தி, வாங்கியாச்சு, ஜன்னல்ல இருக்குன்னு சொல்லு." நான் மாசமா இருந்தப்போ மசக்கையில எதுவும் இறங்கல. "பூந்தி, மாங்காய்க்கு மனசு போகுதான்னு கேளுடா"ன்னாங்க. "போகுதுன்னு சொல்லுடா"ன்னேன். மாங்கா இல்லாத காலம், எங்கயோ அலைஞ்சு ஒரே ஒரு மாங்கா கொண்டாந்து பூந்தி முன்னால வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அது ஒரு நக்கு நக்கிப் பாத்துட்டு எனக்கு உருட்டி விட்டுச்சு.

சிரிக்கறீங்க. நல்லாச் சிரிங்க.

நாயும் அதுக்கேத்த மாதிரி பழகிடுச்சு. அத்தை தொண்டையைக் கனைச்சாப் போதும், எங்க இருந்தாலும் ஓடிவந்து நடுவுல உக்காந்துக்கும், பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனுசன் மாதிரி. அவங்க சொல்லி முடிச்சதும் கழுத்தைத் திருப்பி என்னைப் பாக்கும். நான் பதில் சொன்னேனா, திரும்பி அவங்களைப் பாக்கும். நான் சொல்லலன்னு வச்சுக்குங்க, எழுந்து வந்து என் கால் மேல ஒரு காலை வைக்கும். அப்பவும் சொல்லலன்னா ரெண்டு காலையும் வைக்கும். பதில் வாங்காம போகாது. குளிக்கப் போனாலும் கதவாண்ட வந்து உக்காந்துக்கும். இந்தப் பழக்கம் வேற எந்த நாய்க்காவது இருக்கா? தோட்டத்துல உங்களுக்கு இது எதுக்கு ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

பாப்பா பொறந்த பின்னாடிதான் பேச்சு கொஞ்சம் ஒரு மாதிரியாப் போச்சு. எனக்கு ராத்திரியில தூக்கமில்ல, பகல்ல கண்ணு சொக்கிடும். அத்தை வந்து பாத்துட்டு, "தின்ன தட்டு அப்படியே கெடக்கு, உருண்டு உருண்டு தூங்கறியேடா, வெக்கமா இல்ல?"ன்னு பூந்தியைக் கேப்பாங்க. அது பாவம், அப்பத்தான் கண்ணை மூடியிருக்கும். எழுந்து தட்டைப் பாக்கும், என்னைப் பாக்கும். "மூணு வேளையும் முழுங்கத் தெரியுது, ஒரு வேலைக்கு வணங்குதா ஒடம்பு?"ன்னு கேப்பாங்க. அது தட்டை விட்டு ரெண்டடி தள்ளிப் போய் நிக்கும்.

நான் அப்படியெல்லாம் திட்டினதே இல்ல அக்கா. பொதுவாச் சொல்லுவேன். "ஏன்டா பூந்தி, வாசல்ல போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் வீட்டுக் கதையை வாய் வலிக்காமச் சொல்லணுமா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?"ன்னு. அவ்வளவுதான். தினம் ஒரு தடவை சொல்லுவேன். சில நாள் ரெண்டு மூணு தடவை இருக்கும். அது திட்டா? அது நாய்க்கு நல்ல புத்தி சொல்றது.

கொஞ்ச நாள்ல பாத்தா, அது சாப்பிடறதை விட்டுடுச்சு. குலைக்கறதையும் விட்டுடுச்சு. அவங்க சொன்னதுக்காக ஒண்ணு, நான் சொன்னதுக்காக ஒண்ணு. குப்பை வண்டிக்காரரு வந்து, "என்னம்மா, நாய் இருக்குதா செத்துப் போச்சா?"ன்னு கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு. முன்னல்லாம் அவரைக் கண்டா தெருமுனை வரைக்கும் வழியனுப்பி வைக்கும். இப்ப ட்ரம்முக்குப் பின்னால போய், மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் வச்சுப் படுத்துக்குது. வால் மட்டும் வெளிய. அது இருக்கற லட்சணத்தைத்தான் நீங்க வந்ததும் பாத்தீங்களே, ஊர் பேர் தெரியாதவங்க உள்ள வந்து சேர் போட்டு உக்காந்திருக்கீங்க, ஒரு சத்தம் குடுத்துச்சா?

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இவரு வண்டி ஓட்ட, பின்னால ஒரு ஓரம் அத்தை, ஒரு ஓரம் நான், நடுவுல பூந்தி. டாக்டரம்மா நாக்கைப் பாத்தாங்க, வயித்தை அமுக்கிப் பாத்தாங்க, ஊசி வச்சு ரத்தம் எடுத்தாங்க. "ஒரு நோயும் இல்லையே, வீட்டுல யாராவது இதைத் திட்டறீங்களா?"ன்னாங்க. "ஐயய்யோ, இல்லீங்க!" அத்தையும் நானும் ஒரே நேரத்துல. நான் கல்யாணமாகி வந்த பின்னாடி நாங்க ரெண்டு பேரும் சேந்து சொன்னது அது ஒண்ணுதான். டாக்டரம்மா விடல. "அப்புறம் ஏன் இப்படிப் பயந்து கெடக்கு?"ன்னாங்க. அத்தை உடனே கீழ பாத்து, "கேக்கறாங்க இல்ல, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேண்டா பூந்தி!"ன்னாங்க. எனக்குச் சொன்னது அது. நான்தான் பதில் சொல்லணுமாம். பூந்தி நேரா மேசைக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. டாக்டரம்மா குனிஞ்சு அதைப் பாத்தாங்க, நிமிந்து அத்தையைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. எங்க வீட்டுக்காரரை மட்டும் வெளிய கூப்பிட்டு ஏதோ பேசினாங்க.

வீட்டுக்கு வந்ததும் அவரு வண்டியை ஆஃப் பண்ணாமயே சொன்னாரு. "ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. என்ன வேணாலும் பேசுங்க, அடிச்சுக்கக்கூட அடிச்சுக்குங்க. நாய்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியாதுன்னா அதை நல்ல எடமாப் பாத்துக் குடுத்துடறேன். அந்த நாயாவது பொழைக்கட்டும்."

சரின்னு தலையாட்டினேன். அத்தையும் தலையாட்டினாங்க. என்கிட்டயிருந்து கத்துக்கிட்டாங்க போல.

அப்புறம் நாய்கிட்டப் பேசறதை நிறுத்திட்டோம். சுத்தமா நிறுத்திட்டோம். மூஞ்சியைப் பாத்துப் பேசறதுதான் ஆரம்பிக்கல. வீடு அப்படியே கிணத்துக்குள்ள எறங்கின மாதிரி ஆயிடுச்சு. மிக்ஸி ஓடினாத்தான் சத்தம். பூந்தி தேறும்னு பாத்தா, இன்னும் மோசம். வேலை போன ஆம்பளை மாதிரி வீட்டைச் சுத்திச் சுத்தி வருது. அத்தை முன்னால போய் உக்காந்து வாயையே பாக்கும். அவங்க வேற பக்கம் திரும்பிப்பாங்க. என்கிட்ட வந்து கால் மேல காலை வைக்கும். நான் என்னத்தைச் சொல்ல? யாரும் ஒண்ணும் கேக்கலியேடா. ஒரு நாள் அத்தையோட செருப்பு ஒண்ணைக் கவ்விட்டு வந்து என் மடியில போட்டுச்சு. மடியில செருப்பு! அதுக்குத் தெரிஞ்ச வழியில அது பாக்குது.

நான் முயற்சி பண்ணாம இல்ல. பாத்திரம் விளக்கற எடத்துல, சுவத்தைப் பாத்து எத்தனை தடவை சொல்லிப் பாத்தேன். "அத்தை, இன்னிக்குக் கீரை வாங்கலாமா?" சுவத்துகிட்ட அருமையா வந்துச்சு. விடுவிடுன்னு உள்ள போனேன். அவங்க திரும்பிப் பாத்தாங்க. நல்ல மூஞ்சிதான் அக்கா அவங்களுக்கு, அவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததே இல்ல. என்ன வந்துச்சு தெரியுமா வாயில? "பூந்தி!" அவ்வளவுதான். ட்ரம்முக்குப் பின்னாலயிருந்து அது எப்படி ஓடிவந்துச்சுங்கறீங்க! வாலை ஆட்டிக்கிட்டு வந்து நடுவுல உக்காந்துக்கிச்சு. அத்தை சட்டுன்னு அடுப்பு பக்கம் திரும்பிட்டாங்க. தோள் குலுங்கிச்சு. புகை போல.

அவங்களுக்கும் வயசாகுது, பாவம். ஒரு நாள் நான் துணி காயப் போடறேன், பின்னால வந்து நின்னாங்க. தொண்டையைக் கனைச்சாங்க. நாயைத் தேடறாங்கன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம் மேல பாத்து, "மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னாங்க. தை மாசம், சுள்ளுன்னு வெயில், ஒரு மேகம் கிடையாது. தனக்குத்தானே பேசிக்கறாங்கன்னு நான் பாட்டுக்குத் துணியைப் போட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிட்டாங்க. மழை எங்கயிருந்து வரும்? அப்புறம் யோசிச்சா எனக்கு அவங்க ஒடம்பைப் பத்திதான் கவலையா இருந்துச்சு.

பாப்பா இருக்காளே, அவ இன்னும் மேல. இப்பத்தான் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசறா. நேத்து அவ அப்பா, "கண்ணு, பால் குடிச்சியா?"ன்னாரு. இவ திரும்பி ட்ரம்மைப் பாத்து, "பூந்தி, குச்சேன் சொல்லு"ங்கறா. அவருக்கு மூஞ்சியே விழுந்துடுச்சு. எழுந்து போய் உங்க வீட்டுக்குத்தான் போன் பண்ணினாரு, நாளைக்கே வந்துடுங்கன்னு.

பிஸ்கட் போடறீங்களா? போடுங்க. எடுக்காது. பாருங்க, தலையை வெளிய நீட்டினாலும் உங்களைப் பாக்கல, பிஸ்கட்டையும் பாக்கல, என்னையும் அடுப்பாங்கரையையும் மாத்தி மாத்திப் பாக்குது.

அதனாலதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல நீங்களும் அண்ணனும் நல்லாப் பேசிப்பீங்களா? நாத்தனா, ஓரகத்தி யாராவது பேசாம இருக்காங்களா? யாருமே இல்லையா? எல்லாரும் சுமுகமா? அப்ப இது எப்படி அக்கா அங்க பொழைக்கும்? அதுக்கு நடுவுல உக்காற ஒரு எடம் வேணுமே. தோட்டத்துல தக்காளிச் செடிக்கும் செடிக்கும் நடுவுல உக்காந்து அது யாரை யாரைத் திரும்பிப் பாக்கும்?

நான் குடுக்க மாட்டேன்னு சொல்லல. அதைச் சொல்ற அளவுக்கு எனக்கு வாய் இருந்தா, நீங்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரவேண்டிய வேலையே இருந்திருக்காது. கயிறு இருக்கு, நாய் இருக்கு. புடிச்சுக்கலாம். நான் மொச்சையைப் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க கூட்டிட்டுப் போனதே எனக்குத் தெரியாது.

புளி கரைக்கற சத்தம் நின்னுடுச்சு. எப்ப நின்னுச்சு? கவனிக்கல. நான் உங்ககிட்டத்தான் பேசிட்டு இருக்கேன், உள்ள யாருக்காவது கேக்கணும்னு சொல்லல.

ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். எங்க அம்மா வீட்டுல நாங்க அஞ்சு பொண்ணுங்க. நான் கடைசி. நான் பேசினாலும் பேசாட்டியும் அங்க யாருக்கும் தெரியாது. ஒருக்கா காய்ச்சல்ல எனக்குக் குரலே போயிடுச்சு, குரல் திரும்பி வந்த பின்னாடி நானாச் சொல்லித்தான் தெரியும் அவங்களுக்கு. இந்த வீட்டுக்கு வந்துதான், நான் பேசலன்னு ஒருத்தங்க கோவிச்சுக்கிட்டாங்க. தெருவெல்லாம் போய்ச் சொன்னாங்க. ஒரு நாயைப் புடிச்சு வச்சாவது என் வாயைக் கெளறினாங்க. பொறந்ததுலயிருந்து நான் பேசலன்னு கோவப்பட்ட மொதல் ஆள் அவங்கதான். அவங்க திட்டினா எனக்கு வலிக்கும்தான், இல்லேங்கல. ஆனா இப்ப இந்தச் சத்தமில்லாத வீட்டுல எனக்குப் பயமா இருக்கு அக்கா. பூந்தியும் போயிட்டா அவங்க கடைசி வரைக்கும் என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டாங்க, நானும் ஒண்ணுமே சொல்ல மாட்டேன், ரெண்டு பேரும் இப்படியே

யாரு? பாப்பாவா?

இல்ல... உள்ளயிருந்து.

"ஏ அம்சா! உன்னைத்தாண்டி. பிதுக்கினது போதும், எடுத்துட்டு வா. அந்தப் பொண்ணை இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லு. நாய் எங்கயும் வராதுன்னும் சொல்லிடு."

கேட்டீங்களா அக்கா? அம்சான்னாங்க. என் பேருதான் அது. பூந்தி, நீ எதுக்குடா எழுந்து ஓடற, உன்னை இல்ல, என்னை... கொஞ்சம் இந்தக் கிண்ணத்தைப் புடிச்சுக்கறீங்களா, கை வழுக்குது. இதோ வந்துட்டேன் அத்தை! அத்தை, அந்த அக்கா ரொம்ப தூரத்துலயிருந்து வந்திருக்காங்க, மொதல்ல காப்பி வைக்கலாமா, இல்ல நீங்க